25 சதவீத இடம்: பெற்றோர் கோட்டைவிடும் இடங்கள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் (சுருக்கமாக ஆர்டிஇ) 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை, ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது அதன் 12(1)(சி) பிரிவு. இது பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனாலும் தகுதியுள்ள குழந்தைகள் வெளியே நிற்கிறார்கள். சட்டத்தை அரைகுறையாகக் கேள்விப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்.

முதலில் வருமானக் குழப்பம். தமிழ்நாட்டு விதிப்படி 'நலிவடைந்த பிரிவினர்' என்ற வகையில் விண்ணப்பித்தால்தான் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்பது தனி வகை. அதில் பட்டியல் சாதி, பழங்குடியினரோடு பிற்படுத்தப்பட்டோரும் மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் வருகிறார்கள். அங்கே சாதிச் சான்றிதழ்தான் கேட்பார்கள். இது தெரியாமல் வருமானச் சான்றுக்கு அலைந்தே கடைசித் தேதியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்து, பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது. பேர் பெற்ற பள்ளி என்று அங்கே போய் நின்று பயனில்லை.

பெரிய தவறு எது என்று கேட்டால், வாய்வார்த்தையை நம்பித் திரும்பி வருவதைத்தான் சொல்வேன். "சீட் முடிஞ்சுபோச்சு", "பிறப்புச் சான்றிதழ் இல்லையே", "குழந்தைக்கு ஒரு சின்ன டெஸ்ட் வைக்கணும்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். இதில் எதையும் எழுத்தில் தர மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆம் பிரிவு. குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வு செய்வதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை.

அதனால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். எந்தத் தேதியில் போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னார்கள், அவ்வளவு போதும். ஒரு பிரதியில் பள்ளியின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 32-ஆம் பிரிவின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் தந்தால் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ் விஷயத்திலும் இதே கதைதான். பழைய பள்ளியில் கட்டண பாக்கி, டிசி தரவில்லை என்று பிள்ளையை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்க முடியாது. டிசி பிறகு வரட்டும், பிள்ளையை முதலில் சேருங்கள்.

மாற்றுத்திறன் குழந்தை என்றால் சிறப்புப் பள்ளிதான் வழி என்று சிலர் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால் இலவசக் கல்வி 14 வயதோடு நிற்காது, 18 வரை உண்டு.

அப்புறம், பன்னிரண்டாம் வகுப்பு வரை இலவசம் என்ற நினைப்பு. 25 சதவீத இடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்டால் அது சட்டமீறல் அல்ல. ஏழாம் வகுப்பிலேயே யோசித்து வையுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எட்டு வரை ஆர்டிஇ இடத்தில் தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் அதில் சேர்த்தி. உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். எட்டாம் வகுப்பு முடித்துக் கிளம்பும்போதே, ஆர்டிஇயில் படித்ததற்கான சான்றையும் அந்தப் பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.