இரவில் பாய் நனைவது நின்ற விதம்

என் மகளுக்கு ஐந்து வயது. பகலில் கழிப்பறைப் பழக்கம் எப்போதோ வந்துவிட்டது; இரவில்தான் பாய் நனையும். ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது உண்டு என்றார் குழந்தை மருத்துவர். தூக்கத்தில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் சிலருக்குத் தாமதமாகத்தான் போதிய அளவு சுரக்கும். அப்பா, அம்மாவுக்குச் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வரலாம். இது சோம்பலும் இல்லை, அடமும் இல்லை.

வேலூர் வெயில் தெரியுமே! பள்ளிக்குக் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் அப்படியே திரும்பி வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகக் குடிப்பாள். அதைத்தான் முதலில் மாற்றினோம். காலையிலும் மதியமும் நிறையத் தண்ணீர், மோர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தாகத்துக்கு ஒரு வாய். அடியோடு நிறுத்தக் கூடாது, அதுவும் இந்த ஊர்க் கோடையில். படுக்கும்முன் கட்டாயம் ஒண்ணுக்குப் போக வைப்போம்.

இன்னொன்று மலச்சிக்கல். குடல் நிறைந்திருந்தால் மூத்திரப்பையை அழுத்தும். கீரை, கொய்யா கொடுத்து அது சரியானதும் நனையும் இரவுகள் கண்கூடாகக் குறைந்தன.

பாய்மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய பருத்திப் புடவை. பிள்ளையை யாரும் கேலி செய்யக் கூடாது என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டேன். "கொழந்தய நான் ஏம்மா திட்டப்போறேன்?" என்றவர், அன்றிலிருந்து தானே எழுந்து துணி மாற்றினார்.

ஆறு மாதம் நனையாமலிருந்து மறுபடி ஆரம்பித்தாலோ, எரிச்சல், காய்ச்சல், அடங்காத தாகம் இருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.