நாய்க்குப் பிறந்தநாளா? இந்தத் தவறுகள் வேண்டாம்

செந்தூலில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை வரும் நாய்களில் ஏதாவது ஒன்றுக்கு மறுநாள் பிறந்தநாள் விருந்து இருக்கும். கழுத்தில் ரிப்பன் கட்டிவிடச் சொல்வார்கள், கையோடு என்னையும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், புதிதாக நாய் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாகவே இருக்கின்றன. நாங்கள் எல்லாரும் ஆரம்பத்தில் செய்தவைதான். சாக்லேட் ஆகாது, வாசல் கதவைத் திறந்து போடக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

மதியம் மூன்று மணி விருந்து

ஞாயிறு மதியம் சொந்தக்காரர்களுக்கு வசதி, நாய்க்கு அல்ல. கோலாலம்பூரில் அந்த நேரத்தில் வெயில் 32, 33 டிகிரியைத் தொடும், காற்றிலும் ஈரம் அதிகம். நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதில்தான் சூட்டை இறக்கிக்கொள்ளும். காற்றே ஈரமாக இருந்தால் எப்படி ஆவியாகும்? பக், ஷிட்சு, ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இன்னும் சிரமம். அதற்கு மேல் ஜரிகைச் சட்டை வேறு போட்டுவிடுகிறார்கள். நாயின் இயல்பான உடல் சூடு 38, 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

காலையில் வையுங்கள். தேசா பார்க்சிட்டி பூங்காவில் கயிறு போட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு, ஒன்பது மணிக்கு வீட்டில் கேக் வெட்டினால் நாய்க்கும் சந்தோஷம், படமும் நன்றாக வரும். சட்டை படம் எடுக்கும் வரைதான், அப்புறம் கழற்றிவிடுங்கள். சாயங்காலம் வைத்தால் இடிமழை பிடித்துக்கொள்ளும். பிறந்தநாள்காரர் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துவிடுவார்.

"ஒரு துண்டுதானே!"

இதைத்தான் நீட்டிச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும் பேச்சு இது.

செத்தாப்பாக்கில் ஒரு கொண்டோவில் நடந்த விருந்து. ஐந்து கிலோ எடையில் ஒரு ஷிட்சு. அந்த வீட்டம்மா அதற்கென்று உப்பும் சீனியும் போடாமல், பூசணிக்காயை வேகவைத்து மசித்து, முட்டையும் அரிசி மாவும் சேர்த்துக் கேக் செய்திருந்தார். அருமையான ஏற்பாடு. அப்புறம் மனிதர்களுக்குச் சாப்பாடு வந்தது: நெய்ச்சோறு, மட்டன் வறுவல், கோழிக் குருமா. நாய் நாற்காலி நாற்காலியாகப் போய், முன்னங்கால் இரண்டையும் ஒவ்வொருவர் முழங்காலிலும் வைத்து நின்றது. "கொடுக்காதீங்க மாமா" என்றேன். "ஒரு துண்டுதானேம்மா, பொறந்தநாளும் அதுவுமா!" என்றார் அவர். அடுத்த நாற்காலியில் அத்தை, அதற்கடுத்து யாரோ தம்பி. எல்லாருக்கும் அது ஒரு துண்டுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர் ஆளுக்கு 20 கிராம் கொடுத்தால் 240 கிராம். ஐந்து கிலோ நாய்க்கு அது, எடைக்கு எடை பார்த்தால், அறுபது கிலோ மனிதர் ஒரே வேளையில் கிட்டத்தட்ட மூன்று கிலோ மட்டன் தின்பதற்குச் சமம். இவ்வளவு கொழுப்பு ஒரேயடியாக இறங்கினால் கணையம் வீங்கிவிடும். மசாலாவில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சமைத்தாலும் அந்த விஷம் போகாது, "கழுவித்தான் கொடுத்தேன்" என்பதும் உதவாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். நெய்ச்சோற்றிலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதெல்லாம் விருந்தன்றே தெரிவதில்லை என்பதுதான் கொடுமை. அந்த ஷிட்சு மறுநாள் இரவு வாந்தி எடுக்க ஆரம்பித்தது. முன்னங்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கியே நின்றது. வயிறு வலிக்கிற நாய் அப்படித்தான் நிற்கும். கணைய வீக்கம் என்றார் மருத்துவர். பல நாள் மருத்துவமனையில் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள், கட்டணம் விருந்துச் செலவை மிஞ்சிவிட்டது. நாய் பிழைத்துக்கொண்டது. ஆனால் வீட்டம்மா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "நான் செஞ்ச கேக்குதான் ஒத்துக்கல போல." கறி கொடுத்த யாருக்கும் அது தங்கள் கை வேலை என்று இன்றுவரை தெரியாது. எனக்கு ஆறவே இல்லை.

வெறுமனே "கொடுக்காதீர்கள்" என்று சொன்னால் எடுபடாது. நம் ஆட்களுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்க்குக் கொடுக்காமல் சாப்பிட மனம் வராது. அந்த மனத்துக்கு ஒரு வழி செய்யுங்கள். அன்றைய நாய்ச் சாப்பாட்டில் பாதியை எடுத்துவைத்து, அதோடு உப்பில்லாமல் அவித்த கோழியைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கிப் போட்டு ஒரு டப்பாவில் வையுங்கள். கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும், டப்பா காலியானால் அவ்வளவுதான். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் டப்பாவை அதன் கையில் கொடுங்கள். பெரியவர்களையே அதட்டிவிடும். மனிதர்கள் சாப்பிடும் நேரத்தில் நாய் அறைக்குள் இருக்கட்டும். எச்சில் தட்டுகளை நாற்காலிக்கடியில் விடாமல் உடனே மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். நான் பார்த்தவரை, எலும்பு அங்கிருந்துதான் போகிறது.

சீனி இல்லாத கேக்

நாய்க்கு நல்லது என்று நினைத்துச் 'சீனி இல்லாதது' என எழுதிய வேர்க்கடலை வெண்ணெய் வாங்குகிறார்கள். அதில் சீனிக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். கொஞ்சம் போனாலும் நாயின் ரத்தச் சர்க்கரை ஒரு மணி நேரத்துக்குள் சரிந்துவிடலாம், கல்லீரலும் பாதிக்கப்படலாம். மைலோவிலும் கோக்கோ இருக்கிறது, கேக்கில் சேர்க்காதீர்கள்.

மெழுகுவர்த்தி

ஏற்றினால், நாயைப் பிடித்துக்கொண்டு நீங்களே ஊதி அணையுங்கள்.

பலூன்

வேண்டாம். வெடித்த துண்டை விழுங்கினால் குடலை அடைக்கும்.

கூப்பிடும் நாய்கள்

ஏற்கெனவே பழகியவை இரண்டு மூன்று போதும், எல்லாம் தடுப்பூசி போட்டவையாக இருக்கட்டும். பினாங்கில் 2015இல் வெறிநோய் வந்ததை மறந்துவிடக்கூடாது. கேக்கை ஒரே தட்டில் வைக்காதீர்கள், தனித்தனிக் கிண்ணத்தில் தள்ளித் தள்ளி வையுங்கள். நண்பர்களான நாய்களும் சோற்றுக்கு முன்னால் நண்பர்கள் இல்லை.

அக்கம்பக்கம்

கொண்டோவின் பொது அறையில் நாயை விட அனுமதி உண்டா என்று நிர்வாக அலுவலகத்தில் முன்பே கேளுங்கள். முஸ்லிம் நண்பர்களை அழைத்தால் நாய் அவிழ்ந்திருக்குமா, கட்டியிருக்குமா என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். வந்த இடத்தில் அவர்கள் சங்கடப்படக் கூடாது. லிஃப்டில் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

மருத்துவமனை

ஞாயிறு இரவு உங்கள் பக்கத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனை திறந்திருக்கும் என்று விருந்துக்கு முன்பே விசாரித்து, எண்ணைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். போகும்போது நாய் என்ன தின்றது, எப்போது தின்றது, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். சந்தேகப்படும் பாக்கெட் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர்களைக் கேட்காமல் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.