மாமியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஃபியோர்ட் பக்கம் போக

நோர்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்திருக்கும் இடங்கள்தான் ஃபியோர்ட். முதல்தரம் நாங்கள் அந்தப் பக்கம் போனது ஐந்தே நாள். ஒஸ்லோவிலிருந்து பேர்கன், அங்கிருந்து கெய்ராங்கர், பிறகு ஓலசுண்ட், திரும்ப ஒஸ்லோ. வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் இருந்தது. மூன்றாம் நாள் பின்னேரம் மகள் பின் சீட்டில் அழத் தொடங்கினாள். மாமி கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு தூரம் பிள்ளை?" என்று கேட்டபடியே வந்தார். அடுத்த கோடையில் பத்து நாள் எடுத்தோம். தங்கியது அவுர்லாண்ட், கெய்ராங்கர், ஓலசுண்ட் என்று மூன்றே இடம். வயதானவர்களோடும் சின்னப் பிள்ளைகளோடும் போகிறவர்கள் அப்படித்தான் போகவேண்டும் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியும். மேற்கு நோர்வேயில் தூரத்தைக் கிலோமீற்றரில் கணக்குப் போடாதீர்கள். ஊருக்கு வெளியே வேக எல்லை 80 என்றாலும், வளைவும் ஃபெரியும் ஆட்டுக்கூட்டமும் சேர்ந்து மணிக்கு 50, 55 தான் போகமுடியும். ஒரு நாளைக்கு ஐந்து மணிநேர ஓட்டம் என்பதே கூடுதல்தான்.

யூன் நடுப்பகுதியிலிருந்து யூலை முதல் வாரம் வரை எனக்குப் பிடித்த காலம். மலையில் பனி உருகிக்கொண்டிருக்கும், நீர்வீழ்ச்சி எல்லாம் நிறைந்து விழும். ஓகஸ்டில் போனால் அதே நீர்வீழ்ச்சிகள் மெலிந்துவிடும். யூலையில் நோர்வேக்காரர் எல்லோருக்கும் ஒன்றாக விடுமுறை வருவதால், நல்ல ஹுத்தே (வாடகைக்கு விடும் விடுமுறைக் குடில்) வேண்டும் என்றால் தை மாசியிலேயே பதிந்துவிடுங்கள். ஹோட்டலை விடக் குசினியுள்ள ஹுத்தேதான் குடும்பத்துக்குச் சரி. பதியும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: படுக்கை விரிப்பு தருவார்களா, கடைசிச் சுத்தம் செய்வது யார்? பல இடங்களில் விரிப்பும் தலையணை உறையும் நாங்கள்தான் கொண்டுபோகவேண்டும். இதைக் கேட்காமல் போய், ஒரு இரவு எல்லோரும் மேற்சட்டையைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். யூனில் இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பிள்ளைகள் படுக்கமாட்டார்கள். கறுப்புத் துணி ஒன்றும் உடுப்புக் கவ்வி நாலைந்தும் பெட்டிக்குள் வையுங்கள்.

அரிசி, மா, தூள், தேங்காய்ப்பால் எல்லாம் ஒஸ்லோவிலேயே ஏற்றிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பூட்டு, சனி பின்னேரத்துக்குள் பாலும் பாணும் வாங்கவேண்டும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். கோழி வாட்டும் ஆசை இருந்தால், ஏப்ரல் 15இலிருந்து செப்டெம்பர் 15 வரை, காட்டுக்குள்ளும் காட்டுக்குக் கிட்டவும் நெருப்பு மூட்டத் தடை என்பதை மறக்கவேண்டாம். முகாம் இடங்களில் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் செய்யுங்கள்.

ஒஸ்லோவிலிருந்து E16 நெடுஞ்சாலை வழியாகக் காலையில் வெளிக்கிட்டால், மத்தியானச் சாப்பாட்டுக்கு போர்குண்ட் மரத் தேவாலயத்தில் நிற்கலாம். 1180 அளவில் கட்டியது. எண்ணூறு வருடத்துக்கு மேல் மழையையும் பனியையும் தாங்கி நிற்கும் மரத்தை மாமி கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைத் தாண்டி வருவது 24.5 கிலோமீற்றர் நீளமான லார்டால் சுரங்கம். 2000ஆம் ஆண்டு திறந்தது, உலகத்திலேயே நீளமான வீதிச் சுரங்கம். ஓட்டுகிறவருக்கு அலுப்பும் பயமும் வராமல் இருக்க, உள்ளே மூன்று இடத்தில் நீல வெளிச்சம் போட்டு அகலமாகக் குடைந்திருக்கிறார்கள். "மூன்று நீல அறை வரும், எண்ணு" என்று பிள்ளைகளிடம் முதலே சொல்லிவையுங்கள், இருபது நிமிடமும் சத்தமில்லாமல் போகும்.

அவுர்லாண்டில் நாலு இரவு. பக்கத்து ஊரான ஃப்லோமில்தான் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும். காலை பத்துமணிக்கு அங்கே கால் வைக்க இடமிராது, பின்னேரம் கப்பல் போனபின் ஊர் மூச்சு விடும். அதனால் ஃப்லோம் ரயிலுக்கு முதல் ஓட்டத்துக்கோ பின்னேர ஓட்டத்துக்கோ சீட்டு எடுங்கள். கடல்மட்டத்திலிருந்து 866 மீற்றர் உயரத்து மிர்டால் வரை 20 கிலோமீற்றர், ஒரு மணிநேரம், 20 சுரங்கம். நடுவில் ஷோஸ்ஃபோஸன் நீர்வீழ்ச்சியில் ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். கோடையில் சிவப்பு உடுத்த பெண் ஒருத்தி பாறையில் தோன்றி ஆடுவாள், காட்டு மோகினிக் கதை. மகள் அவளை இன்னும் வரைந்துகொண்டிருக்கிறாள்.

ஆனால் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ரயிலை விட்டுவிட்டுப் படகில் ஏறுங்கள். ஃப்லோமிலிருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணிநேரம், நாரோய்ஃபியோர்ட் வழியாக. 2005இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஒடுங்கிய இடத்தில் அகலம் 250 மீற்றர்தான், இரண்டு பக்கமும் மலை நேர்குத்தாக நிற்கும். இப்போது மின்சாரப் படகு ஓடுவதால் இயந்திரச் சத்தம் இல்லை, கரையில் ஆடு கத்துவதுகூடக் கேட்கும். மாமி படகின் முன்பக்கத்தில் கதிரை பிடித்து உட்கார்ந்தவர், குட்வாங்கன் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. யூலையிலும் அங்கே காற்று குளிரும். கம்பளித் தொப்பியும் காற்றுப் புகாத மேற்சட்டையும் கட்டாயம். திரும்பி வரப் பஸ் இருக்கிறது, சுரங்கத்தால் இருபது நிமிடம்.

எந்த நாளில் எதைச் செய்வது என்று வீட்டிலிருந்தே முடிவெடுக்காதீர்கள். முதல்நாள் இரவு யிஆர் செயலியில் வானிலை பார்த்து முடிவெடுங்கள். தெளிவான நாளுக்கு ஸ்தேகஸ்டைன் காட்சிமேடையை வையுங்கள்: ஃபியோர்டுக்கு 650 மீற்றர் மேலே, மலையிலிருந்து 30 மீற்றர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மரப்பாலம் அது. மழை நாளில் மேகம்தான் தெரியும்.

கெய்ராங்கருக்குப் போகும் நாள் நீளமானது. ஃபொட்னஸில் ஃபெரி ஏறி சொக்னஃபியோர்டைக் கடக்கவேண்டும். சாதாரண ஃபெரிக்குச் சீட்டு எடுக்கத் தேவையில்லை, வரிசையில் நின்று ஏறினால் கமரா இலக்கத் தகட்டை வாசித்துக்கொள்ளும். ஏறியவுடன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மேலே போங்கள். ஃபியர்லாண்டில் பனியாற்று அருங்காட்சியகத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்குக் கால் நீட்டவும் ஆகும், வீதியிலிருந்தே போயாபிரேன் பனியாற்றைக் காட்டவும் ஆகும். கடைசியில் ஹெல்லசில்ட்டிலிருந்து கெய்ராங்கருக்குப் போகும் ஃபெரி வேறு வகை, அதற்கு முற்கூட்டியே சீட்டு எடுக்கவேண்டும். ஒரு மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், ஏழு சகோதரிகள் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் போகும். வளைவுகளில் மாமிக்குத் தலைசுற்று வந்தது; முன் சீட்டு, வெறும் வயிறு இல்லாமல் கொஞ்சம் பிஸ்கட், இஞ்சித் தேத்தண்ணி என்று சமாளித்தோம்.

கெய்ராங்கரில் மூன்று இரவு. அங்கிருந்து ஓலசுண்டுக்கு, பதினொரு கொண்டை வளைவு ஏறும் கழுகுப்பாதையால் போய், ஐட்ஸ்டாலில் ஃபெரி. இந்தப் பக்கத்து ஃபெரிகளில் ஸ்வேலே என்று தடித்த அப்பம் மாதிரி ஒன்று விற்பார்கள், வெண்ணெயும் மண்ணிற வெண்ணெய்க்கட்டியும் வைத்து. பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்குங்கள், பாதிப் பாதி என்று பகிரச் சொன்னால் சண்டை வரும்.

ஓலசுண்ட் 1904 தையில் ஒரே இரவில் எரிந்துபோன ஊர். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வீடிழந்தார்கள். சில வருடத்துக்குள் கல்லாலும் செங்கல்லாலும் திரும்பக் கட்டியதால், கோபுரமும் பூ வேலைப்பாடுமாக முழு ஊரும் ஒரே பாணியில் வடிவாக இருக்கிறது. அக்ஸ்லா குன்றுக்கு 418 படி. பிள்ளைகள் என் கணவரோடு எண்ணி எண்ணி ஏறினார்கள், நானும் மாமியும் காரில் மேலே போய் அவர்களுக்காகக் காத்திருந்தோம். வீதி இருப்பதைத் தெரியாமல் முழங்கால் நோவோடு கீழேயே நின்றுவிடும் அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்தால் ஊருக்கு மேற்கே இருக்கும் மீன்காட்சியகம் அரை நாளுக்குப் போதும்.

ஓலசுண்டிலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரே நாளில் ஓட்டவேண்டாம். ஓண்டால்ஸ்நெஸ் வழியாக வந்து, ட்ரோல்வெக்கன் பாறைச் சுவரடியில் தேத்தண்ணி குடித்துவிட்டு, டொம்போசிலோ ஒட்டாவிலோ ஒரு இரவு படுங்கள். அந்த இரவுக்கு விரிப்பை அடியில் வைக்காமல், பெட்டிக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள்.