கோடியக்கரைக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

வெளிமானும் வலசைப் பறவைகளும் பார்க்கக் கிடைக்கும் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஏறக்குறைய 360 கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் என்று மேப் காட்டும். அதை நம்பிக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்புவதுதான் முதல் தவறு. மாமல்லபுரத்தில் போட்டோ, புதுச்சேரியில் சாப்பாடு என்று நின்று நின்று போனால் சிதம்பரத்திலேயே பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் போய் எந்த வெளிமானைப் பார்ப்பது?

கணக்கை மான் வெளியே வரும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். விடிந்து இரண்டு மணி நேரமும், மாலை நான்குக்கு மேலும்தான் வெளிமான்கள் திறந்த புல்வெளியில் நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் புதர் நிழலில் ஒதுங்கிவிடும். எனவே முதல் நாள் அதிகாலை 4:30க்குப் புறப்பட்டு, பத்து மணிவாக்கில் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காடு. இரவு வேதாரண்யத்தில் தங்கல். மறுநாள் காட்டுச் சோதனைச் சாவடி திறக்கும்போதே வாசலில் நிற்பது. திறக்கும் நேரத்தை முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள். கோடியக்கரையில் வனத்துறையின் விடுதி இருக்கிறது. ஆனால் அறைகள் குறைவு, முன்பதிவு இல்லாமல் பத்துப் பேர் போய் நின்றால் கிடைக்காது. வேளாங்கண்ணியில் அறை தாராளம்தான். அங்கிருந்து இன்னும் 50 கிலோமீட்டர் போக வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே வண்டி கிளம்பியாக வேண்டும். இரவெல்லாம் அரட்டை அடித்த கூட்டத்தில் எத்தனை பேர் எழுவார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறை என்று மே மாதத்தில் போவது அடுத்த தவறு. மான் இருக்கும், வலசைப் பறவைகள் பெரும்பாலும் திரும்பிப் போயிருக்கும். அக்டோபரில் அவை வரத் தொடங்கினாலும் நவம்பர், டிசம்பர் புயல் காலம். 2018 நவம்பரில் கஜா கரையேறியது இந்த வேதாரண்யம் பக்கம்தான். மழை ஓய்ந்த ஜனவரி நடுப்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய வசதியான காலம். அதே சமயம் டெல்டாவில் சம்பா அறுவடையும் நடக்கும். சாலையிலேயே நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சர் பட்டால் பற்றிக்கொள்ளும்.

பூநாரைகளை (பிளமிங்கோ) கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் உப்புச் சதுப்பில் காரை இறக்குகிறார்கள். மேலே காய்ந்து வெடித்த மண், அடியில் களி. பத்தடி போனதும் முன்சக்கரம் புதையும். பதறி ஆக்சிலரேட்டரை மிதித்தால் அச்சு வரை இறங்கிவிடும், பிறகு டிராக்டர்தான் வர வேண்டும். மிதிப்பதை நிறுத்தி, ஆட்களை இறக்கி, சக்கரத்தின் முன்னால் மண்ணைத் தோண்டி காரின் கால்மிதியோ பலகையோ கொடுத்து, மெதுவாக எடுங்கள். காரை இறக்காமலே இருந்தால் இன்னும் நல்லது: 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் இருந்தால் கரையிலிருந்தே போதும். பறவைகள் மேய்வதை நிறுத்தி ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்தால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பறக்கவைத்துப் படம் எடுப்பது அவற்றின் தீனியைக் கெடுப்பது. டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பிச்சாவரத்தில் சீக்கிரம் முடியும் என்று மோட்டார் படகு கேட்பார்கள். சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் வேர்கள் இரு பக்கமும் உரசும் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். சத்தமில்லாததால் மீன்கொத்தியும் கொக்கும் இடத்தைவிட்டு எழாது.

வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டுவதானால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கிறதா பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டியை மலிவாக எடுத்து விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிடும். வேன் என்றால் புதுச்சேரி பெர்மிட் பற்றி முன்பே கேளுங்கள். வழியில் புதுச்சேரி, காரைக்கால் என்று இரண்டு முறை அந்த எல்லைக்குள் போகிறீர்கள். அங்கே வாங்கிய பாட்டிலை டிக்கியில் போட்டுத் தமிழகத்துக்குள் வர எவனாவது ஒருவன் யோசனை சொல்வான். சோதனைச் சாவடியில் சிக்கினால் வண்டியே பறிமுதல் ஆகலாம், பயணம் அங்கேயே முடிந்தது.

இரண்டு கார் போனால் ஒன்றையொன்று துரத்த வேண்டாம். மரக்காணம், சீர்காழி, நாகப்பட்டினம் என்று சேரும் இடங்களை முன்பே பேசிவையுங்கள். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள், உப்புச்சேறு ஒட்டியிருந்தால் துரு ஏறிவிடும்.