உப்புக்காற்றில் பழைய பத்மினி: புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

வடசென்னைக் கடலோரத்தில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருந்தால், இன்ஜினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தகட்டைப் பாருங்கள். அந்த 1,089 சிசி இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் இன்றும் கிடைப்பார். இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். தரைத் தகட்டைத் துரு தின்றால் வண்டியின் பலமே போய்விடும்.

1. அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடியிலும் சக்கர வளைவுகளுக்குள்ளும் பீய்ச்சி அடித்தால் போதும். இந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவினால் துருவுக்கு நாமே தீனி போட்ட மாதிரி.

2. தட்டிப் பாருங்கள். கால்மிதியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரையைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் தகடு நல்லது. மொத்தையாகக் கேட்டால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கலாம். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவை அடைத்திருந்தால் கம்பியால் குத்தி விடுங்கள். மழைத் தண்ணீர் தேங்கித்தான் பத்மினிக் கதவுகள் கீழிருந்து இற்றுப்போகின்றன.

3. மேலோட்டமான துருவை உடனே எடுங்கள். கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள், வெள்ளைத் தகடு தெரியும்வரை. அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள், கடல்காற்றில் ஒரு ராத்திரி விட்டாலே மறுபடி சிவக்கும். ஓட்டை விழுந்திருந்தால் பட்டி வேண்டாம், வெல்டிங்தான்.

4. பாயிண்ட் செட் பண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள், திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சின்னத் தொடுமுனைதான் பாயிண்ட். எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்த வேலை இது. சாவியை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியையும் ரோட்டரையும் கழற்றுங்கள். ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இன்ஜினை மெல்லச் சுற்றினால் பாயிண்ட் திறந்து மூடுவது தெரியும். முழுசாகத் திறந்த இடத்தில் நிறுத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜில் 0.45 மி.மீ. தகட்டை நுழையுங்கள். லேசாக உரசிக்கொண்டு வந்தால் சரி. இல்லையென்றால் திருகைத் தளர்த்தி இடைவெளியைச் சரிசெய்து, இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போது நகர்ந்துவிடும். பிறகு ரோட்டரையும் மூடியையும் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் வைத்த எந்தப் புது வண்டியும் அந்தச் சந்தோஷத்தைத் தராது.

5. பெட்ரோல் ஓஸ்களை மாற்றுங்கள். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி வெடிப்பு விடும், வண்டியின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாபிராம் என்ற சவ்வும் கெடும். எத்தனாலைத் தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். ஞாயிறு காலையில் எண்ணூர் வரை ஒரு நடை போய்வரலாம். வந்ததும் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

6. ஆர்.சி. தேதி. 15 வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு.

உதிரிபாகத்துக்குப் புதுப்பேட்டை போகும்போது பழைய சாமானைக் கையோடு எடுத்துப்போங்கள். பத்மினியில் வருடத்துக்கு வருடம் சின்னச் சின்ன மாற்றங்கள் உண்டு. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.