"உழைத்தால் எதுவும் கிடைக்கும்": பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளை பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ போகிற வீட்டில் அந்த ஓராண்டில் மிகுதியாகக் காதில் விழும் வாக்கியம், "கஷ்டப்பட்டுப் படிச்சா எதுவும் கிடைக்கும்" என்பதாகத்தான் இருக்கும். சொல்கிறவரின் நோக்கத்தில் குற்றம் காண இடமில்லை. சோம்பலை விரட்ட வேண்டும், நாம் பட்ட பாட்டைப் பிள்ளை படக்கூடாது என்ற அக்கறையில் பிறக்கும் சொல் அது. ஆனால் அதில் "உழை" என்ற அறிவுரையும் "கிடைக்கும்" என்ற வாக்குறுதியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அறிவுரை நாம் கொடுக்கக்கூடியது. வாக்குறுதியை நிறைவேற்றுவது நம் கையில் இல்லை. பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருவதில் நான் கண்ட பெரும்பாலான தவறுகள், இந்த இரண்டையும் பிரிக்காமல் சொல்வதிலிருந்தே தொடங்குகின்றன.

இந்த வாக்குறுதிக்குச் சான்றாக உடனே எடுத்துக்காட்டப்படுவது 619ஆம் குறள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்பதைப் பள்ளிச் சுவரில் படிக்கிற பிள்ளைக்கு, கடவுளால் ஆகாததும் முயற்சியால் ஆகிவிடும் என்றே பொருள் சொல்லப்படுகிறது. குறளில் இருக்கும் சொல்லோ "கூலி". நினைத்த பயன் கைகூடாமல் போனாலும், உடம்பு வருந்திய அளவுக்கான கூலியை முயற்சி தந்துவிடும், அது பாழாகாது என்பதே பரிமேலழகர் சொல்லும் உரையும்கூட. அடுத்த குறளில் ஊழையும் புறங்காட்டச் செய்யலாம் என்று வள்ளுவர் இன்னும் ஓரடி முன்னே போகிறார் என்பது உண்மைதான்; ஆனால் ஊழைவிட வலியது எது என்று 380ஆம் குறளில் கேட்டவரும் அவரே. இரண்டையும் எழுதத் துணிந்தவரிடமிருந்து ஒன்றை மட்டும் பெயர்த்தெடுத்துச் சுவரில் எழுதுவது நாம் செய்கிற வேலை.

வாக்குறுதியாகச் சொல்வதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். உழைத்தால் கிடைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்ட பிள்ளை, கிடைக்காத நாளில் அதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறது: எனக்குக் கிடைக்கவில்லை, ஆகவே நான் உழைக்கவில்லை. ஊக்கமாகச் சொன்ன வாக்கியம் அந்த நாளில் குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டில் அதை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.1 லட்சம், கட்டணம் குறைவான அரசுக் கல்லூரிகளில் அவற்றில் ஏறக்குறைய பாதிதான். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 21 பேர். இந்த 23 லட்சம் பேரும் நாளை முதல் இரு மடங்கு உழைத்தாலும் இடங்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது. கட்-ஆஃப் மட்டும் உயரும். குடிமைப் பணித் தேர்வின் கணக்கு இதைவிடக் கடுமையானது. 2023ஆம் ஆண்டுத் தேர்வில் முதல்நிலையை எழுதியவர்கள் ஏறத்தாழ 5.9 லட்சம் பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். தரவரிசைப்படி இடம் கொடுக்கும் போட்டியில் ஒருவருடைய உழைப்பின் பயனை மற்றவர்களின் உழைப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இதை மறைத்துவிட்டுப் பிள்ளையை உள்ளே அனுப்புவது, எத்தனை நாற்காலி என்று சொல்லாமல் இசை நாற்காலி ஆட அனுப்புவதைப் போன்றது.

போட்டிக்கு எல்லோரும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்ற மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு வழங்கத் தமிழ்நாடு 2020ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி இரண்டாண்டு பயிற்சி மையத்தில் இருந்த பிள்ளையின் உழைப்பும், பள்ளி விட்டு வந்து கடையில் நின்றுவிட்டு இரவில் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையின் உழைப்பும் ஒரே மதிப்பெண்ணாக மாறுவதில்லை என்ற ஒப்புதல் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சட்டமன்றம் ஒப்புக்கொண்டதை வீட்டில் பிள்ளையிடம் சொல்ல நாம்தான் தயங்குகிறோம்.

உழைப்பை மணிக்கணக்கில் அளப்பது

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். "எத்தனை மணி நேரம் படிச்ச?" என்று கேட்கிற அளவுக்கு "எப்படிப் படிச்ச?" என்று யாரும் கேட்பதில்லை.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கழித்தல் கணக்கில் தொடர்ந்து தவறு செய்கிறாள் என்று அவளுடைய தாயார் என்னிடம் அழைத்து வந்தார். "நாப்பது கணக்கு போட வெச்சேங்க, அப்பவும் வரல" என்றார். நோட்டை வாங்கிப் பார்த்தேன். 503லிருந்து 278ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் 375 என்று எழுதியிருந்தாள். ஒன்றாம் இடத்தில் 3லிருந்து 8 போகாது என்பதால் 8லிருந்து 3ஐக் கழித்து 5; பத்தாம் இடத்தில் 7லிருந்து 0 போக 7; நூறாம் இடத்தில் 5லிருந்து 2 போக 3. சரியான விடை 225. எந்த வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று ஒரு விதியை அவளாகவே வகுத்துக்கொண்டு, நாற்பது கணக்கிலும் அதை ஒரு பிசகும் இல்லாமல் கடைப்பிடித்திருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அவளிடம் உழைப்புக்குக் குறைவில்லை. நாற்பது முறை உழைத்துத் தவறையே மனத்தில் பதித்துக்கொண்டிருந்தாள். பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டி வைத்துக்கொண்டு, ஒரு கட்டைப் பிரித்துப் பக்கத்து வரிசைக்குக் கடன் கொடுப்பதைக் காட்டியபோது, நான்காவது கணக்கிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்" என்ற 468ஆம் குறள் இதைத்தான் சொல்கிறது. உரிய வழியில் படாத பாடு, பலர் சுற்றி நின்று தாங்கிப் பிடித்தாலும் பழுதுபட்டுப் போகும். 619ஐ எழுதிய சுவரின் எதிர்ச்சுவரில் இதையும் எழுதி வைக்கலாம் என்பது என் ஆசை.

மேல் வகுப்புகளில் இதே தவறு வேறு உருவில் வருகிறது. பாடத்தை ஐந்து முறை வாசிப்பதும், வண்ணப் பேனாவால் கோடிட்டுப் பக்கத்தையே மஞ்சளாக்குவதும் உழைப்பாகத் தோன்றும், களைப்பும் வரும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னணியில் இருந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் அவர்களை முந்திவிட்டார்கள். எனவே பிள்ளை எட்டு மணி நேரம் மேசையில் இருந்தது என்ற செய்தி, அந்த எட்டு மணி நேரத்தில் புத்தகம் எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று தெரியாத வரையில் நமக்கு எதையும் சொல்வதில்லை. தூக்கத்தைக் குறைத்துச் சேர்க்கும் மணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் பலமுறை சொல்லிவிட்ட செய்தி.

உடம்பில் உள்ள காரணத்தைச் சோம்பல் என்று எண்ணுவது

கரும்பலகையில் எழுதியதைப் பாதி விட்டுவிட்டு எழுதுகிற பிள்ளையை "கவனமே இல்ல" என்று திட்டிக்கொண்டே ஒரு வருடத்தைக் கடத்திவிட்டு, பிறகு கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிப்போன வீடுகள் எத்தனையோ உண்டு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இதைவிட மறைவானது. அந்தப் பிள்ளை வாயால் கேட்டால் விடையை அழகாகச் சொல்லும். வாசிக்கச் சொன்னால் எழுத்துகளில் தடுக்கி விழும். ஆகவே வேண்டுமென்றே படிக்கவில்லை என்ற முடிவுக்குப் பெரியவர்கள் எளிதாக வந்துவிடுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட 21 வகைகளில் இதுவும் ஒன்று. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். அப்படிப்பட்ட பிள்ளையிடம் இன்னும் உழை என்று சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது பரிசோதனை.

உதவியவர்களை வெட்டிவிட்டுக் கதை சொல்வது

ஊக்கமூட்ட நாம் சொல்லும் வெற்றிக் கதைகளில் நாயகன் மட்டும் இருப்பான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்கச் சாம்பியனான சென்னைப் பிள்ளை குகேஷின் உழைப்பைப் பற்றி யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் காது மூக்கு தொண்டை மருத்துவரான அவருடைய தந்தை, மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தம் தொழிலை ஒதுக்கி வைத்தார். தாயாரின் வருமானத்தில் குடும்பம் ஓடியது. 1988ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் அதே நகரத்தவர். பிற்காலத்தில் இளம் ஆட்டக்காரர்களுக்கு அவரே வழிகாட்டியாக அமைந்தார். பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்காள் வைஷாலியும் ஆடப் போன நாடுகளுக்கெல்லாம் அவர்களுடைய தாயாரும் உடன் போய், தங்கும் இடத்திலேயே சமைத்துப் போட்டிருக்கிறார். இவற்றையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் பெருமை எள்ளளவும் குறையாது. சேர்க்காமல் சொன்னால், கேட்கிற பிள்ளை தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன்னிடம் மட்டும் ஏதோ குறை இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

பத்தாயிரம் மணி நேரம் பயின்றால் யாரும் மேதையாகலாம் என்ற பேச்சும் இந்த வகைதான். அதற்கு அடிப்படையாகக் காட்டப்படும் 1993ஆம் ஆண்டு வயலின் ஆய்வை நடத்திய ஆண்டர்ஸ் எரிக்சனே அப்படி ஒரு விதியைத் தாம் சொல்லவில்லை என்று மறுத்தார். பயிற்சியைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஒருவருக்கொருவர் திறனில் உள்ள வேறுபாட்டில் பயிற்சியின் பங்கு சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26 விழுக்காடு, இசையில் 21, உடல் விளையாட்டுகளில் 18, கல்வியில் 4 என்று கணக்கிட்டது. பயிற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி ஒன்றே போதும் என்பது பொய் என்று பொருள்.

எல்லா வயதிலும் ஒரே சொல்லைச் சொல்வது

பிள்ளையின் அறிவைப் புகழாமல் முயற்சியைப் புகழ வேண்டும் என்ற அறிவுரை இப்போது பரவலாகிவிட்டது. முல்லர், டுவெக் என்ற உளவியலாளர்களின் 1998ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு நல்ல ஆதாரம். "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான கணக்கில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள், முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். ஆனால் எதுவும் கற்றுக்கொள்ளாத பிள்ளையையும் "பரவாயில்ல, நல்லா முயற்சி பண்ண" என்று தேற்றி அனுப்புவதற்குத் தம் கருத்து பயன்படுத்தப்படுகிறது என்று டுவெக்கே 2015ஆம் ஆண்டில் வருந்தி எழுதினார். வயதும் இதில் கலந்திருக்கிறது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு நிறைய முயன்றவனே கெட்டிக்காரன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ, ஒரே மதிப்பெண்ணுக்கு அதிகம் பாடுபட்டவனிடம் திறமை குறைவு என்று தோன்றத் தொடங்கிவிடும். அந்த வயதில் எளிய வெற்றிக்கு "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க!" என்று சொன்னால் அது வசையாகவே போய்ச் சேரும். "கடன் வாங்குற கணக்குல போன வாரம் ஏழு தப்பு, இந்த வாரம் ரெண்டு" என்று கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டால் எந்த வயதிலும் கோணலாகப் போகாது.

இவற்றையெல்லாம் கேட்டுவிட்டு எதிர்முனைக்குத் தாவி, "உனக்கு இதெல்லாம் வராது, விட்டுடு" என்று சொல்வது முன்னதைவிட மோசம். நாற்பது கணக்கைத் தவறாகப் போட்ட சிறுமிக்கு அப்படிச் சொல்லியிருந்தால் அவள் கணக்கையே வெறுத்திருப்பாள்.

சொல்ல எடுத்துக்கொண்டதில் ஒன்று மீதமிருக்கிறது. உழைத்தவர்களுக்கெல்லாம் கிடைக்கும் என்று நம்புகிற பிள்ளை, கிடைக்காதவர்களைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வருகிறது. என் தங்கை வீட்டுக்கு அடுத்த மனையில் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது, ஏழு வயதான அவள் மகள் ஜன்னலில் உட்கார்ந்து சித்தாள் பெண்கள் சிமென்ட் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றி மாடிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நாள் கழித்துக் கேட்டாள்: "அந்த அக்காதான் எல்லாரையும் விட ஜாஸ்தி வேலை செய்றாங்க. அப்ப ஏன் அவங்க அந்தத் தகரக் கொட்டகையில இருக்காங்க?" நன்றாகப் படித்திருந்தால் அவர்கள் இப்படி இருக்க மாட்டார்கள் என்ற பதில் தங்கையின் நாக்கு நுனி வரை வந்திருக்கிறது. விழுங்கிவிட்டு, "அவங்க வேலைக்கு என்ன கூலின்னு அவங்க முடிவு பண்றதில்லம்மா" என்றாளாம்.

"அப்ப யாரு முடிவு பண்றாங்க?"

அன்று மாலை இருவரும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து, சித்தாளுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, கொத்தனாருக்கு எவ்வளவு, மழை பெய்து வேலை நின்றுபோன நாள்கள் மாதத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆண்களுக்கு ஏன் கூடுதல் என்ற கேள்வியில் கணக்கு நின்றுபோய், மறுநாள் மேஸ்திரியிடமே கேட்பது என்று முடிவானது.