தலைத்தோல் மின்பதிவிலிருந்து மூளையில் மூலத்தைத் தேடும் முறை

யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நீர்மட்டங்களை மட்டும் அளந்து, சுண்ணக்கல்லின் அடியில் நீர் எவ்வழியே ஓடுகிறது என்று சொல்ல முயல்வது எத்துணைக் கடினமோ, தலைத்தோலில் மூளையின் மின்செயற்பாட்டை அளக்கும் ஈ.ஈ.ஜி. பதிவைக் கொண்டு ஒரு மின் அலை மூளையின் எவ்விடத்தில் எழுந்தது என்று சொல்வதும் அத்துணைக் கடினமே. தலைத்தோலில் கிடைக்கும் ஒரே அளவீடுகளை உள்ளே வெவ்வேறு மூலங்கள் தரக்கூடும் என்பதை ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853 இலேயே காட்டிவிட்டார். ஆகவே மென்பொருள் வரைந்து தரும் வண்ணப்படம், நாம் இட்ட அனுமானங்களுக்கு உட்பட்ட ஒரு விடையேயன்றி மூளையின் புகைப்படம் அன்று.

பிழைகளிற் பெரும்பங்கு பதிவறையிலேயே நுழைந்துவிடுகிறது. பங்கேற்பவர் முதல்நாளே தலை முழுகி, நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைக்காமல் வரவேண்டும்; நம் ஊர் வெக்கையில் வியர்வை பதிவை மெல்ல மெல்ல அலையவைக்கும் என்பதால் அறையைக் குளிர்மையாக வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. மருத்துவமனைகளில் வழக்கமாகப் பொருத்தும் ஏறக்குறைய 20 மின்வாய்கள் (தலைத்தோலில் ஒட்டி மின்னழுத்தத்தை அளக்கும் உணரிகள்) பருமட்டான கணிப்புக்கே போதும். 64 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. மூக்கின் அடிப்பள்ளத்தையும் இரு காதுகளின் முன்புள்ளிகளையும் அடையாளமாகக் கொண்டு, ஒவ்வொரு மின்வாயும் உண்மையில் இருக்கும் இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் 50 ஹேட்ஸ் மின்வழி இரைச்சலையும் கண்சிமிட்டலையும் நீக்கி, பழுதான மின்வாய்களை விலக்கி, எல்லா மின்வாய்களின் சராசரியையும் பொது ஒப்பீடாக வையுங்கள்.

மூளையிலிருந்து தலைத்தோல்வரை மின் எப்படிப் பரவுகிறது என்று கணிக்க உதவும் தலையின் மாதிரியை அவரவர் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து அமைப்பதே சிறந்தது. அது கிடையாதபோது பொதுவான வார்ப்புருத் தலையைப் பயன்படுத்தலாம், ஆனால் வளர்ந்தோரின் வார்ப்புருவைக் குழந்தைக்குப் பொருத்துவது தவறு. மண்டையோடு மின்னை மிகக் குறைவாகவே கடத்துவதால் தலைத்தோலை அடையும் மின்னழுத்தம் மங்கிப் பரவிவிடுகிறது. எனவே அதன் கடத்துதிறனுக்கு நீங்கள் இடும் எண்ணை மாற்றி மாற்றிக் கணித்து, விடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

மூலம் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும் என்று நம்பக் காரணம் இருந்தால் மூலத்தை ஒரே புள்ளியில் உள்ள சிறு மின்னோட்டமாகக் கொள்ளும் ஒற்றை இருமுனை மாதிரி போதும். பரந்த மூலங்களுக்கு, அளவீடுகளுக்குப் பொருந்தும் விடைகளில் மொத்த வலு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் சிறும நெறிம முறை ஏற்றது, ஆயினும் அது ஆழத்தில் உள்ளவற்றையும் மேற்பரப்பை நோக்கி இழுத்துவிடும் என்பதால் ஆழத்துக்கான திருத்தத்தைச் சேர்க்கவேண்டும். எம்.என்.ஈ-பைத்தன், பிரெய்ன்ஸ்டோர்ம் ஆகிய இலவச மென்பொருள்கள் இரண்டுமே இதைச் செய்யும். இரைச்சலின் அளவை, பங்கேற்பவருக்கு ஒலி, தொடுகை போன்ற தூண்டலைக் கொடுப்பதற்கு முந்திய நேரத்திலிருந்தே எடுங்கள்.

புதிய கேள்விக்குப் போகுமுன், விடை தெரிந்த ஒன்றால் முழு ஏற்பாட்டையும் சோதியுங்கள். பயிற்சி பெற்றவர் ஒருவர் வலது மணிக்கட்டின் நடுநரம்பை மெல்லிய மின்துடிப்பால் தூண்டினால், ஏறக்குறைய 20 மில்லிசெக்கனில் இடப்பக்க மூளையின் நடுப்பிளவுக்குப் பின்னால் மூலம் தோன்றவேண்டும். அது வலப்பக்கத்தில் வந்தால் மின்வாய் வடங்கள் இடம்வலம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பக்கம் சரியாகி இடம் மட்டும் விலகியிருந்தால், மின்வாய் அளவீடுகளும் தலைமாதிரியும் ஒன்றோடொன்று பொருந்தியுள்ளனவா என்று பாருங்கள்.